ஜாக் கெரோவாக் எனக்கு ஒட்டவே மாட்டேங்குறாரு, எங்க இருந்து படிக்கணும்?

மின்னூர்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல எம்.ஏ. இங்கிலிஷ் படிக்கிறேன். அமெரிக்கன் லிட்ரேச்சர் பேப்பர்ல செமினாருக்கு எனக்கு வந்தது அமெரிக்க எழுத்தாளரு ஜாக் கெரோவாக், அவரு வாழ்க்கையும் அவருக்கப்புறம் நின்னதும்னு தலைப்பு. அவரோட ஆன் தி ரோடு நாவல் பாதிக்கு மேல முடிச்சிட்டேன், படிக்கப் படிக்க கோவம் தான் வருது. ரெண்டு ஆம்பளைங்க கார எடுத்துக்கினு நியூயார்க்ல இருந்து டென்வர், அங்க இருந்து சான் பிரான்சிஸ்கோ, திரும்ப நியூயார்க்னு சுத்திக்கினே இருக்காங்க, நடுவுல பொண்டாட்டிய விட்டுட்டுப் போறாங்க, கைக்கொழந்தைய விட்டுட்டுப் போறாங்க, காசு தீர்ந்தா கதைய சொல்ற சால் டென்வர்ல நின்னுக்கினு அம்பது டாலர் அனுப்புன்னு அத்தைக்கு தந்தி அடிக்கிறான். அவங்களும் அனுப்புறாங்க.

எங்கம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில அப்பர் தைக்கிறாங்க. விடியக்காலைல சோத்த கட்டி வச்சிட்டு ஹைவே ஓரமா போய் நின்னா கம்பெனி வேன் வரும், இருட்டுனப்புறம் அதே எடத்துல எறக்கி விடும். எங்க வீட்ல ரோடுன்னா அதான். அந்த சம்பளத்துல தான் நான் இந்த புக்க படிச்சிக்கினு இருக்கேன். கிளாஸ்ல எல்லாரும் சுதந்திரம், கலகம்னு சொல்றாங்க, எனக்கு அந்த அத்தைய நெனச்சா தான் மனசு கெடக்க மாட்டேங்குது. இந்த ஆளு இவ்ளோ தானா, இல்ல நான் படிக்காத வேற எதுனா இருக்கா? கவிதையும் எழுதிருக்காராமே, அது எப்படி?

பாலாத்து மணல்:

தங்கச்சி, உன் கோவம் ரொம்ப நியாயம். அத அணைச்சிடாத, அத வச்சே செமினார ஆரம்பி, ஏன்னா நீ புடிச்சது சரியான நூலு. சால்னு வர்றது கெரோவாக்கே தான், அந்த அத்தை நெஜத்துல அத்தையே இல்ல, கெரோவாக்கோட அம்மா கேப்ரியேல். அவங்க வேல பாத்தது எங்க தெரியுமா? ஷூ ஃபேக்டரில.

அவங்க குடும்பம் கனடா கியூபெக் பக்கத்து பிரெஞ்சு ஜனம். மாசசூசெட்ஸ்ல லோவெல்னு மெர்ரிமாக் ஆத்தோரமா ஒரு மில்லு ஊரு, பருத்தி மில்லுல வேல கெடைக்கும்னு கியூபெக்ல இருந்து கூட்டம் கூட்டமா வந்து குடியேறினாங்க. அங்க 1922 மார்ச் 12ல இவரு பொறந்தாரு. அப்பா லியோ பிரஸ் வச்சிருந்தாரு. அண்ணன் ஜெரார்டு 1926ல ஒம்போது வயசுல வாதக் காய்ச்சல்ல செத்துப் போனான், அப்ப இவருக்கு நாலு வயசு. அந்த சாவு சாகுற வரைக்கும் இவர விடல. 1963ல வந்த விஷன்ஸ் ஆஃப் ஜெரார்டு முழுக்க அந்த அண்ணன் தான்.

புட்பால் வெளையாடி கொலம்பியா யூனிவர்சிட்டிக்கு போறாரு, கால் ஒடையுது, படிப்ப விடுறாரு, சரக்குக் கப்பல்ல வேலைக்குப் போறாரு, கவிஞர் கின்ஸ்பெர்க்கையும் நாவலாசிரியர் பரோஸையும் நியூயார்க்ல பாக்குறாரு, இதெல்லாம் எந்த புக்ல வேணா கெடைக்கும். யாரும் நிறுத்தி சொல்லாதது 1946. அந்த வருசம் அப்பா வயித்துல கேன்சர் வந்து செத்துப் போறாரு, அம்மாவ பாத்துக்கடான்னு சொல்லிட்டு. ஆனா நடந்தது தலைகீழ். அம்மா ஷூ ஃபேக்டரிக்குப் போவாங்க, புள்ள குயின்ஸ்ல ஓசோன் பார்க் வீட்டு சமையல்ரூம் டேபிள்ல உக்காந்து எழுதுவாரு. மொத நாவல் தி டவுன் அண்ட் தி சிட்டி, 1950ல வந்தது, அந்தம்மா சம்பளத்துல எழுதுனது. ரோட்ல சுத்தி முடிச்சி ஒவ்வொரு வாட்டியும் வந்து விழுந்ததும் அந்தம்மா வீட்ல தான். அமெரிக்க இலக்கியத்துலயே பெரிய ஊர்சுத்தின்னு பேரு வாங்குன ஆளு, வாழ்க்கையில பாதிக்கு மேல அம்மா வீட்ல இருந்தவரு. இத சொல்லாம அவரு வாழ்க்கைய சொன்னா அது பாதி பொய்.

எங்க இருந்து படிக்கணும்னு கேட்ட இல்ல, டாக்டர் சாக்ஸ்ல இருந்து. 1959ல வந்தது. லோவெல்ல ஒரு சின்னப் பையனோட கனவும் பயமும். 1936 மார்ச்ல மெர்ரிமாக்ல பெரிய வெள்ளம் வந்துச்சி, அதான் அந்த நாவலுக்குள்ள வர்ற வெள்ளம். பசங்க ஆத்தங்கரைல நின்னு தண்ணி ஏறுறத பாக்குறாங்க, பயத்த விட சந்தோசம் அதிகம், ஊர அடிச்சிக்கினு போவட்டும்னு ஒரு ஆச. 2021 நவம்பர்ல பாலாத்துல தண்ணி வந்தப்ப நீ பாலத்துக்குப் போயிருப்ப இல்ல? வருசக்கணக்கா மணலும் தோல் கழிவும் தவிர வேற எதையும் பாக்காத ஜனம் கொடையோட வந்து நின்னு பாத்துச்சே, வீடு போனவங்க ஒரு பக்கம் அழுவ இன்னொரு பக்கம் பசங்க விசில் அடிச்சாங்களே, அந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதத் தெரிஞ்ச ஆளு இவரு.

ஜோலார்பேட்டை ரிட்டையர்டு கார்டு:

அந்த தம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கம்மா. நான் கூட்ஸ் வண்டியில கார்டா இருந்து ரிட்டையர் ஆனவன், இலக்கியம் படிச்சவன் இல்ல. இந்தாளு 1952ல சதர்ன் பசிபிக் ரயில்வேயில பிரேக்மேன் வேல பாத்தாரு. அத வச்சி எழுதுனது அக்டோபர் இன் தி ரெயில்ரோடு எர்த், லோன்சம் டிராவலர்னு 1960ல வந்த தொகுப்புல இருக்கு. முற்றுப்புள்ளியே இல்லாத மாதிரி ஓடும், மொதல்ல ஒண்ணும் புரியாது, வாய் விட்டு படி, வண்டி பாயின்ட்ஸ்ல தண்டவாளம் மாறுறப்ப கால்ல தெரியுற ஆட்டம் அந்த வாக்கியத்துல தெரியும். ராத்திரி யார்டுல லாந்தர தூக்கிக்கினு ஓடுன எவனும் இத பொய்னு சொல்ல மாட்டான். இந்தாளுக்கு ஒழைக்கத் தெரியாதுன்னு மட்டும் நெனச்சிடாத, வேலைய வுட்டுட்டு வுட்டுட்டுப் போனாருங்கறது வேற விஷயம்.

அவரே அத படிச்ச ரெக்கார்டு இருக்கு, ஸ்டீவ் ஆலன்னு ஒருத்தரு பியானோ வாசிப்பாரு, 1959ல வந்தது. யூடியூப்ல கேக்கலாம். கேட்டுட்டு அப்புறம் புக்க எடு.

கவிதைன்னா மெக்சிகோ சிட்டி ப்ளூஸ், அதுவும் 1959 தான். 242 பாட்டு. பாக்கெட் நோட்டுல ஒரு பக்கம் எவ்ளோ புடிக்குதோ அவ்ளோ தான் ஒரு பாட்டு, பக்கம் முடிஞ்சா அடுத்ததுக்குப் போயிடணும். ஜாஸ் வாசிக்கிறவன் ஒரு சுத்து வாசிச்சிட்டு விடுறான் இல்ல, அந்த கணக்கு. எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், பாதி வெறும் சத்தம். ஆனா சாவப் பத்தியும் புத்தரப் பத்தியும் எழுதுன எடங்கள் நெஞ்சுல நிக்கும். 1975ல பாட்டுக்காரரு பாப் டிலனும் கின்ஸ்பெர்க்கும் லோவெல் சுடுகாட்டுக்கே போய் இவரு கல்லறை கிட்ட உக்காந்தாங்க, டிலன ஆரம்பத்துல அசைச்ச புக்குல இந்த மெக்சிகோ சிட்டி ப்ளூஸும் ஒண்ணு.

வாணியம்பாடி புது ரோடு:

எங்க வீட்ல உருது, ஸ்கூல்ல தமிழ், காலேஜ்ல இங்கிலிஷ். கெரோவாக் வீட்ல பிரெஞ்சு தான் பேசுனாங்க, ஸ்கூலுக்குப் போனப்புறம் தான் இங்கிலிஷ். பெருசானப்புறமும் பிரெஞ்சுல எழுதி வச்சிருந்தாரு, அது புக்கா வந்தது 2016ல தான், செத்து எத்தன வருசம் கழிச்சி. அந்த வாக்கியம் எல்லாம் இலக்கணத்துக்கு அடங்காம போவுறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்னு நான் நம்புறேன். புரொபசருங்க ஜாஸ், தூக்கம் வராம இருக்கப் போடுற பென்சட்ரின் மாத்திரைன்னு மட்டும் சொல்லிட்டு வுட்டுடுறாங்க.

மின்னூர்காரி:

அண்ணா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. ஷூ ஃபேக்டரின்னு படிச்சதும் எங்கம்மாவ எழுப்பி சொல்லிட்டேன். ரெண்டு சந்தேகம். ஆன் தி ரோட மூணே வாரத்துல ஒரே பேப்பர்ல அடிச்சி முடிச்சாராமே, அது உண்மையா? அப்புறம் சொந்தப் பொண்ணையே பொண்ணு இல்லன்னு சொன்னாரு, அது?

பாலாத்து மணல்:

மூணு வாரம் உண்மை, 1951 ஏப்ரல்ல. பேப்பர ஒட்டி ஒட்டி 120 அடி நீளத்துக்கு ஒரே சுருளா டைப் அடிச்சாரு, பாரா பிரிக்காம. ஆனா அதுக்கு முன்ன பல வருசம் நோட்டு நோட்டா எழுதி வச்சிருந்தாரு, அதுக்கப்புறம் ஆறு வருசம் பதிப்பாளருங்க பின்னாடி அலைஞ்சி திருத்தித் திருத்தி 1957 செப்டம்பர்ல தான் புக் வந்தது. யோசிக்காம எழுதுனா போதும்னு இத காட்டி சொல்றவங்கள நம்பாத. அந்த சுருள் 2001ல 24 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சி.

குடியாத்தம் வாசகி:

பொண்ணு விஷயம் நான் சொல்றேன்மா, ஆம்பளைங்க இங்க நைசா தாண்டிப் போயிடுவாங்க. அந்த சுருள அடிச்சது ரெண்டாவது பொண்டாட்டி ஜோன் கூட இருந்த வீட்ல, அவங்க வேலைக்குப் போய்க்கினு இருந்தாங்க. அதே வருசம் அவங்க மாசமா இருக்கப்ப பிரிஞ்சாங்க. 1952ல ஜேன் பொறந்தா. ரத்த டெஸ்ட் வரைக்கும் கோர்ட்டுக்குப் போச்சி. அப்பன அந்தப் பொண்ணு நேர்ல பாத்தது ரெண்டே வாட்டி. அவளும் நாவல் எழுதுனா, பேபி டிரைவர், 1981. 1996ல 44 வயசுல செத்துட்டா. இதுக்கு எந்த சமாதானமும் கெடையாது, நல்லா எழுதுறான்னு மன்னிக்கிற விஷயம் இல்ல இது.

அதனால ஆன் தி ரோடு கூடவே, அது வந்தப்ப அவரு காதலியா இருந்த ஜாய்ஸ் ஜான்சனோட மைனர் கேரக்டர்ஸ் படி, 1983ல வந்தது. 1957 செப்டம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல ஆன் தி ரோடுக்கு அந்த பெரிய விமர்சனம் வந்த ராத்திரி கடைக்குப் போய் பேப்பர் வாங்குனப்ப கூட இருந்தது அந்தம்மா தான். ஒரே ராத்திரில ஒரு மனுசன் எப்படி ஊரு சொத்தா மாறுனான், அது அவன எப்படி தின்னுச்சின்னு பக்கத்துல இருந்து பாத்து எழுதிருக்காங்க. கெரோவாக் கூட கார்ல சுத்துன நெஜ ஆளு நீல் காசடி, அவரு பொண்டாட்டி கேரலின் காசடியோட ஆஃப் தி ரோடும் உண்டு. இந்த ரெண்டு பொம்பளைங்க புக்கும் சேந்தா தான் கெரோவாக், கின்ஸ்பெர்க் கூட்டத்த சொல்ற அந்த பீட் தலைமுறை முழுசா தெரியும்.

குடிய வீரமா பேசுற பசங்க யாராச்சும் கிளாஸ்ல இருந்தா பிக் சர் எடுத்துக் குடு, 1962ல வந்தது. குடி ஒரு மனுசனுக்குள்ள என்ன பண்ணும்னு கொஞ்சமும் மறைக்காம எழுதுனது. 1969 அக்டோபர் 21, ஃபுளோரிடா, கல்லீரல் கெட்டு உள்ள ரத்தம் கசிஞ்சி 47 வயசுல போயிட்டாரு. கேப்ரியேல் அம்மா அதுக்கப்புறமும் உயிரோட இருந்தாங்க. ஜெரார்டு 1926, பொண்ணு கேரலின் 1964, இவரு 1969, மூணு புள்ளையையும் பறிகுடுத்துட்டு 1973ல தான் போனாங்க. யாரும் அவங்களப் பத்தி செமினார் எடுக்கல.

பாலாத்து மணல்:

அக்கா சொன்னதுல ஒரு எழுத்தக் கூட மறுக்க மாட்டேன். என்ன நின்னுச்சின்னு கேட்டா ரெண்டு சொல்லலாம். கின்ஸ்பெர்க் 1962ல இந்தியா வந்து கல்கத்தாலயும் காசிலயும் இருந்தாரு, வங்காளத்துல கலகமா எழுதுன ஹங்க்ரி கவிஞருங்க கூட சேந்தாரு, 1974ல ஆன் வால்ட்மன் கூட சேந்து கொலராடோல கெரோவாக் பேர்லயே கவிதைப் பள்ளி ஆரம்பிச்சாரு. இது வெளிய தெரியுற பாதி. இன்னொரு பாதி, மில்லு ஊருல பொறந்தவன் தன் தெருவையும் தன் வீட்டு பேச்சையும் அப்படியே நாவலாக்கலாம்னு காட்டுனது. நம்ம பக்கத்துல பேரணாம்பட்டு அழகிய பெரியவன் கவிதையும் எழுதுறாரு நாவலும் எழுதுறாரு, அவரோட தகப்பன்கொடி படிச்சிட்டு டாக்டர் சாக்ஸ் எடு. கெரோவாக்க பாத்து எழுதுனாருன்னு சொல்லல, அவரு வலி வேற, அரசியல் வேற. ஆனா சொந்த மண்ண வெக்கப்படாம எழுதுறதுன்னா என்னன்னு ரெண்டுலயும் தெரியும். ஹிப்பிங்க கெரோவாக்க அப்பான்னு கொண்டாடுனப்ப அவரு ஒத்துக்கவே இல்ல, 1968ல டிவில போதையோட உக்காந்து அவங்கள திட்டுனாரு. அதையும் செமினார்ல சொல்லு, மறைக்காத.

மின்னூர்காரி:

தலைப்ப மாத்த முடியாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க, ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கிறது என் இஷ்டமாம். ஓசோன் பார்க்ல கேப்ரியேல் ஷிப்டுக்குக் கெளம்புறதுல இருந்து ஆரம்பிக்கிறேன். மைனர் கேரக்டர்ஸ் யார்கிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, வேலூர் பஸ் ஸ்டாண்டுலயே வந்து வாங்கிக்கிறேன், பத்து நாள்ல திருப்பிக் குடுத்துடுவேன்.

குடியாத்தம் வாசகி:

என்கிட்ட இருக்குமா. தனி மெசேஜ் போடு, சனிக்கெழம வேலூர் வர்றேன், கொண்டாறேன். பென்சில்ல கோடு போட்டிருப்பேன், அழிச்சிடாத.