மறு: 'கிளைநீக்கி' மட்டும் போதுமா?

ஐயா, வணக்கம்.

சர்க்கரைச் சங்கிலியில் கிளையை வெட்டும் நொதி எதுவானாலும் 'கிளைநீக்கி' என்றே தமிழ்ப்பெயர் வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நொதிக் குடும்பத்தின் பெயராக அது இருக்கட்டும். ஆனால் பசும்பாசியில் மாவுச்சத்து உருவாகும்போது அது செய்கிற வேலையை அந்தச் சொல் காட்டவில்லை. அந்த வேலைக்கு, செடியை உருவம் பார்த்து வெட்டிவிடுவதைச் சொல்லும் 'கவாத்து' என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

மாவுச்சத்தும், நம் ஈரலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனும் ஒரே சரக்குதான்: குளுக்கோஸ் சங்கிலி, நடுநடுவே கிளை. கிளைக்கோஜனில் கிளைகள் எல்லாப் பக்கமும் பரவலாக முளைக்கும். வெளிப்பக்கம் நெரிசலாகி, சுமார் 40 நானோமீட்டருக்கு மேல் அது வளர முடியாது. தண்ணீரில் கரைந்தும் விடும். மாவுச்சத்தின் கிளையுள்ள பகுதியான அமைலோபெக்டினில் கிளைகள் கொத்துக் கொத்தாக ஒதுங்கி நிற்கும். கொத்துகளுக்கு நடுவே கிளையில்லாத சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, வரிசை பிடித்துப் படிகமாகிவிடும். 9 நானோமீட்டருக்கு ஓர் அடுக்கு. கரையாத துகள் அப்படித்தான் வருகிறது.

சங்கிலியை ஒரு நொதி நீட்டுகிறது, இன்னொன்று கிளை வைக்கிறது. இந்த இரண்டு மட்டும் இருந்தால் மாவுச்சத்து வராது என்பதைக் காட்டிக்கொடுத்தது கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் பசும்பாசி. அதில் எஸ்டிஏ7 என்ற மரபணு கெட்டுப்போனால், ஐசோஅமைலேஸ் என்ற கிளைநீக்கி நொதி வேலை செய்யாது. மாவுச்சத்துத் துகள் காணாமல் போய், கிளைக்கோஜன் மாதிரி கரையும் பொருள் கொஞ்சம் மட்டும் சேரும். அயோடின் காட்டினால் சாதாரணப் பாசி கருநீலமாகும், இது மஞ்சள் பழுப்போடு நின்றுவிடும். இதை வைத்துத்தான் பிரான்சின் லில் நகரில் ஸ்டீவன் பால் குழுவினர் 1996இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தாறுமாறாக முளைத்த கிளைகளை ஐசோஅமைலேஸ் கழித்துவிடுவதால்தான் மிச்சச் சங்கிலிகளால் படிகமாக முடிகிறது. மக்காச்சோளத்திலும் இதே கதை. பழைய இனிப்புச் சோள ரகத்தில் கெட்டிருப்பது இந்த நொதிதான்.

இங்கே நீக்குவது நோக்கமில்லை, உருவம் கொடுப்பதுதான் நோக்கம். மாதவரம் பக்கம் நர்சரி வைத்திருப்பவரைக் கேளுங்கள். ரோஜாவைக் 'கிளைநீக்கம்' செய்தேன் என்று சொல்லமாட்டார், கவாத்து பண்ணினேன் என்பார். எதை விடுவது, எதைக் கழிப்பது என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நம் ஈரலில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி வேறு மாதிரி. கிளையிலிருந்து மூன்று குளுக்கோஸை முதலில் வேறு சங்கிலிக்கு மாற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் கடைசி ஒன்றைத் தனியாகக் கழற்றும். அதற்குக் 'கிளைநீக்கி' கச்சிதம். அதைக் கவாத்து என்றால் நானே சிரிப்பேன்.

'கவாத்து என்றால் போலீஸ் கவாத்துதானே, வேர் உருதுவாயிற்றே' என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். தோட்டக்காரர் புழங்கிப் புழங்கித் தமிழாக்கிவிட்ட சொல்லை வேர் பார்த்துத் தள்ள எனக்கு மனமில்லை. 'செப்பனிடல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது ரோடு போடுகிற இடத்துச் சொல், இங்கே வேண்டாம்.

பாடத்தில் இதைச் சொல்வதற்கு எங்கள் பக்கம் வசதி இருக்கிறது. திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் படரும் உல்வா என்ற பசும்பாசியில் ஒரு துண்டைக் கிள்ளி, சூடான ஆல்கஹாலில் பச்சையைக் கழற்றி, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் போதும். பசுங்கணிகத்துக்குள் பைரினாய்டு என்ற புரத உருண்டையைச் சுற்றி மாவுச்சத்து கருப்புக் கருப்பாக ஒட்டியிருக்கும். 'இது கவாத்து நடந்த சரக்கு' என்றால் மாணவருக்கு அப்புறம் விளக்கவுரை தேவைப்படாது.

ஆகவே நொதிக்குக் கிளைநீக்கி, மாவுச்சத்து உருவாக்கத்தில் அதன் பணிக்குக் கவாத்து, 1996 விளக்கத்துக்குக் கவாத்துக் கொள்கை என்று கலைச்சொல் பட்டியலில் பதிந்துவிடலாமா? கிளை வைக்கும் நொதிக்குக் 'கிளைப்பி' என்று நீங்கள் சொன்னது நன்றாகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். யாழ்ப்பாண நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நொதியம், மாப்பொருள் என்று எழுதும் உங்கள் பக்கத்தில் கவாத்து என்றால் புரியுமா, இல்லை கத்தரித்தல் என்றால்தானா?