அரிதா பீங்கான் அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது?

போரூர்ப்பெண்:
அலுவலக வேலையாக அடுத்த மாதம் ஜப்பானின் ஃபுகுவோகா போகிறேன். அம்மாவும் உடன் வருகிறார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அரிதா என்ற ஊரில் கியூஷு பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறதாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் கொலுப் பொம்மை வாங்கக் கொசப்பேட்டையில் மணிக்கணக்காக நிற்பவர். எங்கள் இருவருக்கும் பீங்கானைப் பற்றி எதுவும் தெரியாது. போகலாமா?

சூளைக்காரன்:
அவசியம் போங்கள், சகோதரி. கொட்டிவாக்கத்தில் சிறிய மண்பாண்டப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஃபுகுவோகாவின் ஹகாதா ஸ்டேஷனிலிருந்து நேரடி விரைவு ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான் என்றாலும் அம்மாவுக்காக டாக்ஸி எடுங்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

ஜப்பானில் பீங்கான் பிறந்ததே அந்த ஊரில்தான். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யி சாம்பியோங் என்ற குயவர் 1616-இல் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது ஊர் வரலாறு. களிமண் அல்ல, கல். அதை இடித்துப் பொடியாக்கிக் கரைத்து, பிசைந்து, சுமார் 1,300 டிகிரியில் சுடுகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குச் சிபாடா தம்பதியர் கொடையாகக் கொடுத்த தொகுப்பில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கண் களைத்துவிடும். பழைய தட்டு ஒன்றின் அடிப்பக்கம் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். சிறுசிறு புள்ளித் தழும்புகள் இருக்கும். சூளைச் சூட்டில் தட்டின் நடுப்பகுதி தொய்யாமலிருக்கக் குட்டிக் கூம்புகளை முட்டுக் கொடுத்து, வெந்தபின் தட்டியெடுத்த தடம் அது. என் சூளையில் எத்தனை தட்டுகள் தொய்ந்து வீணாயின! அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏரிக்கரை:
ஒன்று சேர்க்கிறேன். சீனாவில் 1644-இல் மிங் ஆட்சி வீழ்ந்தது. அதையொட்டிய குழப்பத்தில் அங்கிருந்து பீங்கான் வரத்துக் குறைந்ததும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதா பக்கம் திரும்பியது. தன் முத்திரை எழுத்துகளை நடுவில் நீல நிறத்தில் எழுதச் சொல்லியே தட்டுகள் வாங்கியது. நம் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியதும் இதே கம்பெனிதான். புறப்படும் முன் ஒரு ஞாயிறு அம்மாவை அங்கே கூட்டிப்போய் டச்சுக் கல்லறைகளைக் காட்டுங்கள். பிறகு அரிதாவில் அந்தத் தட்டு கண்ணில் பட்டால் தெரிந்தவர் வீட்டுப் பாத்திரம் போலிருக்கும்.

போரூர்ப்பெண்:
இருவருக்கும் மிக்க நன்றி. இமாரி என்றும் சொல்கிறார்களே, அது வேறா? அம்மா இன்னொன்றும் கேட்கச் சொன்னார்: செய்தவர் கைத்தடம் எதிலாவது இருக்குமா?

சூளைக்காரன்:
இமாரி, சரக்கு கப்பலேறிய துறைமுகம். அரிதாப் பீங்கானுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அம்மா கேட்டது அருமையான கேள்வி. இருக்கிறது. தொடக்க காலப் பாத்திரங்களை முதலில் ஒருமுறை சுடாமல், பச்சையாகவே மெருகுக் கரைசலில் (சுட்டதும் கண்ணாடிப் பூச்சாக மாறும் கரைசல்) முக்கினார்கள். அடிவளையத்தை விரல்களால் பிடித்துத்தானே முக்க வேண்டும்? பிடித்த இடத்தில் மெருகு ஒட்டாமல் விரல் தடம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு சிறு கிண்ணத்தில் அதைப் பார்த்தேன். கண்ணாடிக்கு இப்பால் என் விரல்களை அதே மாதிரி மடக்கி வைத்துப் பார்த்தேன். தினமும் பட்டறையில் நான் பிடிக்கிற அதே பிடி.