மகளின் சீலியாக் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறோம், உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், கொக்குவில். மகளுக்கு 6 வயது. ஒரு வருடமாக வயிறு ஊதல், அடிக்கடி வயிற்றோட்டம், நிறையும் ஏறவில்லை. பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தும் சரிவரவில்லை. சீலியாக் என்றால் கோதுமை போன்ற தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படுகிற நோய். போன கிழமை அதற்கான ரீரீஜி (tTG) என்ற இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

முடிவு வரும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினால் நோய் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னார். சரி, விளங்குகிறது. ஆனால் இன்று காலையும் பாணின் கரையைப் பிய்த்து வைத்துவிட்டு, நடுவை மட்டும் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். நானே கொடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதே நோயுள்ள பிள்ளைகளின் அம்மா, அப்பா யாரும் இருந்தால் சொல்லுங்கோ. முடிவு வர எத்தனை நாள் எடுத்தது? பிறகு குடலில் துண்டு எடுத்துப் பார்த்தார்களா, பிள்ளை பயந்ததா?

அப்புறம், அரிசி மட்டும் அரைக்கிற மில் இங்கே எங்கே இருக்கிறது? ஆட்டா அரைத்த மெசினில் திரித்த மா கூடாதாம். பெருங்காய டப்பாவிலேயே கோதுமை மா என்று எழுதியிருப்பதை நேற்றுத்தான் கவனித்தேன். அரிசிமாப் புட்டு, ஒடியல் கூழ் எல்லாம் வீட்டில் செய்வேன். பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக்கொடுக்கிறீர்கள்?