எல்பியில் கடைசிப் பாட்டு வந்தால் குரல் பிசிறடிக்கிறது, ஊசியா இசைத்தட்டா?

உவர்மலை வாசகி
எல்லோருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எல்பி இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பழைய ரேடியோகிராம் பழுதாகி இருபது வருடமாக அலமாரியிலேயே கிடந்தவை. மூன்று மாதத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் தட்டைச் சுழற்றும் பாவித்த டேர்ன்டேபிள் ஒன்று வாங்கி வந்தேன், ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் புதிது, ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. கடைக்காரரே பூட்டி, ஊசி தட்டை அழுத்தும் எடையும் வைத்துத் தந்தார்.

பிரச்சினை இதுதான். ஒரு பக்கத்தின் முதல் இரண்டு பாட்டும் ஓரளவு நன்றாக இருக்கிறது, உள்ளே போகப் போக "ஸ", "ச" எல்லாம் எச்சில் தெறிப்பது போல் கேட்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப்பாடல் எல்பி ஒன்று அப்பாவுக்கு உயிர், அதில் அவர் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் குரல் உடைகிறது. வலது ஸ்பீக்கரில்தான் அதிகம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அந்த இடம் வரும்போது எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஊசி போய்விட்டதா, இல்லை கடற்காற்றில் தட்டுகளே கெட்டுவிட்டனவா?

நிலாவெளி
தங்கச்சி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். டேர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது எதில் இருக்கிறது, அம்ப்ளிஃபயரில் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? லைனில் வைத்துவிட்டு அம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளையில் கொடுத்தால் ஒலி இரண்டு தடவை பெருக்கப்பட்டு எல்லாமே கரகரக்கும். இரண்டாவது, எடை எவ்வளவு?

உவர்மலை வாசகி
சுவிட்ச் லைனில், வயர் ஆக்ஸ் என்ற சாதாரணத் துளையில். எடை டயலில் 2 என்று இருக்கிறது அண்ணா. ஆன்ட்டி ஸ்கேட்டிங், அதுதான் ஊசிக் கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் டயல், 0.

நிலாவெளி
அப்படியென்றால் வயரில் பிழை இல்லை. அது பிழையாக இருந்தால் முதல் பாட்டிலேயே கரகரத்திருக்கும். உள்ளே போகப் போக மோசமாகிறது என்பதுதான் முக்கியமான தடயம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு ஏறக்குறைய 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, கடைசிப் பாட்டில் 21 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி வெட்டப்பட்டிருக்கிறது, ஊசி சிறிது தடுமாறினாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

ஆன்ட்டி ஸ்கேட்டிங் 0 என்றால் கை நடுப்பக்கமாக இழுபடும், ஊசி பள்ளத்தின் உட்சுவரில் சாயும். உட்சுவர் இடது ஒலி, வெளிச்சுவர் வலது ஒலி. வலதில் அதிகம் உடைவது இதனால்தான் என்று நினைக்கிறேன். எடையளவுக்கே ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் வையுங்கள்.

மூதூர் ஒலிபெருக்கி
மகள், டயலில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். நான் எழுபதுகளில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவன், சொல்கிறேன். அந்த இலக்க வளையம் தனியாகச் சுற்றும். முதலில் கை காற்றில் மட்டமாக மிதக்கும்படி பின் எடையைச் சரிசெய்து, அந்த நிலையில் வளையத்தை மட்டும் 0வுக்குத் திருப்பி, அப்புறம்தான் எடையோடு சேர்த்து 2க்குச் சுற்ற வேண்டும். மிதக்க விடாமல் நேரே 2 என்று வைத்தால் அது வெறும் எழுத்து. மிதக்க விடும்போது ஆன்ட்டி ஸ்கேட்டிங் 0இல் இருக்கட்டும், ஊசி எதிலும் படக் கூடாது.

முடிந்தால் நகைக்கடைத் தராசு ஒன்று இரவல் வாங்குங்கள், 0.01 கிராம் காட்டுவது. தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜ் காந்தத்தை இழுத்துப் பொய் சொல்லும், ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் ஊசியை வையுங்கள். இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே அளக்க வேண்டும்.

உவர்மலை வாசகி
ஐயா, நகைக்கடை வைத்திருக்கும் மாமாவிடம் தராசு வாங்கி அளந்தேன். 1.2 கிராம்!

மூதூர் ஒலிபெருக்கி
அப்பாடா, பிடிபட்டது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 வரை, சரியான அளவு 2. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது பெரிய பிழை. குறைந்த எடையில் ஊசி பள்ளத்தைப் பிடிக்காமல் துள்ளும், துள்ளி விழும்போதுதான் சுவரைச் சிதைக்கும்.

கொட்டியாரம்
ஊசியையும் பாருங்கள் அக்கா. போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் நுனியில் பஞ்சு போல் அழுக்கு தெரியும். பின்னிருந்து முன்னுக்கு மட்டும் துலக்குங்கள், பக்கவாட்டில் வேண்டாம். தட்டுகளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் நல்லது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு ஏதும் இருந்தால் அதில் ஸ்பிரிட் படவே கூடாது, அது செய்யப்பட்ட ஷெல்லாக் அரக்கு கரைந்துபோகும்.

உவர்மலை வாசகி
இன்று 2.0 வைத்து, ஆன்ட்டி ஸ்கேட்டிங்கும் 2 வைத்தேன். முதல் பாட்டு என்ன தெளிவு! இவ்வளவு நாள் கேட்டது பாதிதான் என்று இப்போது தெரிகிறது. கடைசிப் பாட்டில் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் "ஸ" இன்னும் கொஞ்சம் கீறுகிறது.

நிலாவெளி
மிச்சம் கார்ட்ரிட்ஜ் நிற்கும் கோணம். அந்தக் கோணத்தைப் பார்க்கும் அளவு அட்டை ஒன்றை இணையத்தில் தேடி கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுங்கள், 100 வீத அளவில் என்று சொல்லி. எடுத்ததும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டிருந்தால் எல்லாம் வீண். நடு ஆணியிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளி இருக்கும் வகை வேண்டும். இரண்டு புள்ளியிலும் ஊசி சரியாக இறங்க வேண்டும், கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளோடு இணையாக நிற்க வேண்டும். இரண்டு திருகையும் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், பொறுமை வேண்டும், எனக்கு முதல்முறை இரண்டு மணித்தியாலம் போனது. முடிந்ததும் எடையைத் திரும்ப அளக்க மறக்காதீர்கள்.

உவர்மலை வாசகி
நான்கு மில்லிமீற்றர் பின்னால் பூட்டியிருந்தது அண்ணா! சரிசெய்தேன். போன மாதம் வாங்கிய புது எல்பி ஒன்று கடைசி வரை சுத்தமாகப் பாடுகிறது. அப்பாவுடையவற்றிலும் பெரும்பாலானவை சரி. சீர்காழி தட்டின் முதல் பக்கம் மட்டும் உச்சியில் இன்னும் பிசிறுகிறது, இரண்டாம் பக்கம் நன்றாக இருக்கிறது. இது நான் மூன்று மாதம் 1.2இல் போட்டதாலா?

மூதூர் ஒலிபெருக்கி
அதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் மகள். நீங்கள் இரண்டு பக்கமும் போட்டிருப்பீர்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் அது அப்பா ரேடியோகிராமில் திரும்பத் திரும்பப் போட்ட பக்கம். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜுகள் ஐந்து கிராமுக்கு மேலும் அழுத்தும். தேய்ந்த சுவர் திரும்ப வளராது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜிலேயே விஎம்95எம்எல் ஊசி மட்டும் வாங்கிச் செருகலாம், உடம்பை மாற்றத் தேவையில்லை. அதன் நுனி வேறு வடிவம், பழைய ஊசி தொடாத இடத்தில் சுவரைத் தொடும். சில தட்டுகளில் அதிசயம் போல் இருக்கும், சிலவற்றில் பெரிய வித்தியாசம் வராது. விலை கூட, அதனால் அவசரப்பட வேண்டாம்.

உவர்மலை வாசகி
காசு சேர்த்து வாங்கத்தான் போகிறேன் ஐயா. நேற்று இரவு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன், அப்பா கடைசிப் பாட்டு முடியும்வரை கதிரையை விட்டு எழவில்லை. தராசைத் திங்கட்கிழமை மாமாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருகோணமலையில் யாருக்காவது எடை அளக்க வேண்டுமென்றால் அதற்கு முன் இங்கே எழுதுங்கள், சரியாக அச்சடித்த அட்டையும் என்னிடம் இருக்கிறது.