மாடி மழைநீர் உறைகிணற்றுக்கா, தொட்டிக்கா?

உறைகிணறு:
சென்னையில் தோட்டம் போடுகிறவர்கள் மழைநீருக்கென்று ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஆவியாவது, சிதறுவது போக, 13 மில்லிமீட்டர் மழைக்கே தொட்டி நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் தெருவுக்கு. நம் ஊர் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. செடிகள் தவிப்பதோ ஏப்ரல், மே மாதங்களில். தினம் 40 லிட்டர் ஊற்றினால் உங்கள் தொட்டி 25 நாளில் காலி. மாடிக் குழாயை உறைகிணற்றுக்குத் திருப்புங்கள், அதாவது சிமெண்ட் உறைகளை இறக்கி மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் கிணற்றுக்கு.

களிமண்காரன்:
நீங்கள் பெசன்ட் நகர்க்காரர். கடலோர மணல், எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். வேளச்சேரிக்கு வந்து பாருங்கள் ஐயா. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில். என் வீட்டில் மேலே களிமண், தோண்டினால் பாறை. 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் என் உறைகிணறு தண்ணீரை வாங்கவில்லை, வெளியே தள்ளியது. கத்தரியும் வெண்டையும் வேர் அழுகிச் செத்தன. தவிர, நீங்கள் இறக்கும் நீரை நீங்களே எடுப்பீர்கள் என்று என்ன உறுதி? தெருமுனை அடுக்குமாடியின் ஆழ்துளைக் கிணறு முதலில் உறிஞ்சிவிடும்.

உறைகிணறு:
உறிஞ்சட்டும். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. எல்லோரும் எடுத்துக்கொண்டே இருந்து யாரும் இறக்காவிட்டால் கிணற்றில் ஏறுவது கடல். உப்புத் தண்ணீரை ஊற்றிக் கறிவேப்பிலை வளர்த்துக் காட்டுங்கள், பார்க்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு இங்கே நீர்மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

களிமண்காரன்:
அதே சென்னைக்குத்தான் 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

உறைகிணறு:
தோண்டிய குழிகளை எத்தனை பேர் தூர்வாரினார்கள்? வண்டல் ஏறிய ஜல்லிக்குள் நீர் எப்படி இறங்கும்? அது குழியின் குற்றமில்லை.

மாடித்தோட்டக்காரி:
இருவரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள், வேரைப் பற்றிப் பேசவில்லை. வேளச்சேரி மண்ணில் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, இடையில் வாய்க்கால் விட்டால் புயல் மழையிலும் வேர் மூச்சுவிடும். அதே பாத்திக்குக் கோடையில் தென்னை மட்டையோ காய்ந்த இலையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் தண்ணீர்த் தேவை வெகுவாகக் குறைகிறது. வழிந்தோடும் நீரை வாழை, சேம்பு இருக்கும் மூலைக்கு விடுங்கள். முற்றம் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டு மழைநீரைப் பற்றி விவாதிப்பவர்களை என்ன சொல்வது! தொட்டி வைப்பவர்கள் வாயை வலையால் கட்டுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மாடியைக் கழுவி வரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

களிமண்காரன்:
அக்கா சொல்வது சரி. நான் தொட்டியைக் கோடைக்காக வைக்கவில்லை. பருவமழைக்கு நடுவே பத்து நாள் வெயில் அடிக்குமே, அதற்கு. புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே திறந்துவிட்டுக் காலியாக வைப்பேன். முதல் வேகத்தை அது தாங்கும்.

உறைகிணறு:
தாங்குமா? ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் மாடியில் 18,000 லிட்டருக்கு மேல் விழும். ஆயிரம் லிட்டர் எந்த மூலைக்கு? ஐயாயிரம் லிட்டர் சம்ப் கட்டுங்கள், அப்போது பேசலாம்.

களிமண்காரன்:
அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா?

மாடித்தோட்டக்காரி:
செலவு செய்யுமுன் சோதித்துப் பாருங்கள். இரண்டடிக் குழி தோண்டி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் உறை இறக்குவது வீண். ஆனால் மே மாதத்தில் சோதிக்காதீர்கள். அப்போது களிமண்ணும் வெடிப்பு வழியாகக் குடித்து ஏமாற்றும். ஐப்பசியில், இரண்டு மழை பெய்த பிறகு பாருங்கள்.

உறைகிணறு:
ஐப்பசி மழையில் குழி தோண்ட வருகிற ஆளையும் நீங்களே பிடித்துக் கொடுத்துவிடுங்கள், அம்மா.