காட்டுப்பன்றியை எண்ணுவது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தடிக்காரன்கோணம் பக்கம் ஒரு ஏக்கரில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) வாழையும் போட்டிருக்கிறேன். ராத்திரி பன்றி இறங்கினால் விடியும்போது மரச்சீனி மூடெல்லாம் மல்லாந்து கிடக்கும். எத்தனை வருகிறது என்று கேட்டால் ஒருவர் பத்து என்பார், அடுத்தவர் ஐம்பது என்பார். இரண்டு பேர் பார்த்ததும் ஒரே கூட்டமாக இருக்கலாம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் வனத்துறையினர் சுடலாம். அதனால் எந்தப் பகுதியில் எத்தனை நடமாடுகின்றன என்ற கணக்கோடு மனு கொடுக்க நினைக்கிறோம்.

சிக்கல் இதுதான். புலியை வரியை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். பன்றிக்கு அது கிடையாது. தானியங்கி கேமராவில் ஒரே பன்றி நாலு முறை விழுந்தால் நாலு பன்றி ஆகிவிடும். படம் விழும் எண்ணிக்கை, பன்றி ஒரு நாளில் நடக்கும் தூரம், கேமராவுக்கு எட்டும் தூரமும் கோணமும், இவற்றை வைத்து அடர்த்தியைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. ஆனால் அதற்குக் கேமராவைப் பன்றித் தடத்திலேயே கட்டக்கூடாது, பரவலாக வைக்க வேண்டும்.

ரப்பரும் வாழையும் கலந்து கிடக்கும் எங்கள் ஊருக்கு எத்தனை கேமரா, எத்தனை நாள் போதும்? கிழங்கு விளையும் மாதங்களில் மட்டும் எண்ணினால் கணக்கு ஏறிவிடாதா? கேமராவுக்குப் பதில் பன்றியின் எச்சத்தை (சாணத்தை) எண்ணிக் கணக்குப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? அப்புறம், கேமரா வாடகைக்குக் கிடைக்குமா? பன்றி விட்டுவைத்தாலும் மனுஷன் கழற்றிக்கொண்டு போய்விடுவான், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.