பிள்ளைக்கு ஸ்கூலுக்கு என்ன கட்டிக் குடுக்கிறீங்கள்? பெட்டி அப்பிடியே திரும்பி வருது

ஆறுமணி_வான் (வெள்ளவத்தை):

எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 2 படிக்கிறான். வான் 6.10க்கு வாசல்ல நிக்கும், அதுக்காக நான் 4.45க்கு எழும்பி இடியப்பமோ பிட்டோ அவிச்சு, ஒரு கறியும் வைச்சு, பெட்டியில போட்டு விட்டா, பின்னேரம் ரெண்டு மணிக்கு அந்தப் பெட்டி நான் குடுத்த மாதிரியே வீட்டுக்கு வருது. செவ்வாய்க்கிழமை திறந்து பாத்தன், இடியப்பம் சொதியில ஊறிக் கஞ்சி மாதிரிப் போய்ப் புளிச்ச மணம். நடுவில ஒரே ஒரு விரல் குத்தின ஓட்டை. தொட்டுப் பாத்திட்டு மூடி வைச்சிருக்கிறான் எண்டு விளங்கிச்சு. ஏனப்பு சாப்பிடேல்ல எண்டு கேட்டா "டைம் இல்லம்மா" எண்டு சொல்லிப்போட்டு ஓடிடுவான்.

போனில வாற வீடியோ எல்லாம் பாத்து ஒரு நாள் பாணை வெட்டி கரடி முகம் செய்தனான், கரட்டில கண், கறுத்த முந்திரிகை வத்தல்ல மூக்கு. நாப்பது நிமிசம் போச்சு, வான்காரர் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சிட்டார். பின்னேரம் பாத்தா கரடிக்குக் கண்ணில்லை, மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கு. அந்த வீடியோக்களில ஸ்ட்ரோபெரி, புளூபெரி எண்டு அடுக்குறாங்கள், இங்க அந்த விலைக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்கிடலாம்.

மகன்ர ஸ்கூல்ல மச்சம் கொண்டு போகேலாது, முட்டையும் கூடாது. இன்டர்வல் 10.20க்கு, இருபது நிமிசம். வாழைப்பழம் கறுத்திட்டா தொட மாட்டான். புதுசா என்ன கட்டலாம் எண்டு செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ, ப்ளீஸ். "பசிச்சாச் சாப்பிடுவான்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அதை என்ர மாமி தினமும் சொல்லுறா.

---

கறிவேப்பிலை (கொட்டாஞ்சேனை):

அக்கா, முதல்ல சொதிய நிப்பாட்டுங்க. தேங்காப்பால் ஊத்தின எதுவுமே விடிய அஞ்சரைக்கு மூடி வச்சு பத்தரைக்கு திறந்தா அப்படித்தான் இருக்கும், அதுவும் வான்ல அம்பது நிமிஷம் அந்த வெக்கையில போகுது. நான் ரெண்டு வருஷமா ஈரமா எதுவும் கட்றதே இல்ல.

இடியப்பம்னா நான் பண்றது இடியப்பக் கொத்து. ராத்திரியே கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் பொடிசா வெட்டி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருவேன். விடிய இடியப்பத்த பிச்சுப் போட்டு, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளிச்சு மரக்கறிய வதக்கி அதோட பிரட்டினா பத்து நிமிஷ வேலை. முட்டைக்குப் பதிலா அவிச்ச கடலை ஒரு பிடி போடுங்க. அடுப்ப நிப்பாட்டுன பிறகு தேசிக்காய் கொஞ்சம் பிழிஞ்சு விட்டா ருசியும் வேற மாதிரி இருக்கும், கடலையில இருக்கிற இரும்புச்சத்தும் உடம்புல நல்லா சேரும். ஒரே ஒரு விஷயம், சூட்டோட மூடிராதீங்க. ஒரு பெரிய தட்டுல பரப்பி ஃபேனுக்கு கீழ வச்சு ஆறவிட்டுத்தான் பெட்டியில போடணும், இல்லாட்டி மூடியில வேர்த்து தண்ணி சொட்டி எல்லாம் ஊறிப்போயிரும். உங்க செவ்வாய்க்கிழமை கதையில பாதி அந்தத் தண்ணியாலதான்னு நெனக்கிறேன்.

பொல் ரொட்டியும் நல்லா போகும். பெருசா தட்டாம, பிஸ்கட் சைஸ்ல தட்டுங்க. மாவுக்குள்ளயே கரட் துருவல், பச்சை மிளகாய்க்குப் பதிலா கறிமிளகாய். கூட சீனிச் சம்பல், மாசி போடாம. சம்பல ரொட்டி மேல தடவி ரெண்டு ரொட்டிய ஒட்டிருங்க, தொட்டுக்கிற வேலையே இல்ல.

---

லாஸ்ட்_பஸ்_அப்பா (தெஹிவளை):

எங்கட வீட்டில சாப்பாடு கட்டுறது நான்தான், மனுசிக்கு நைட் டியூட்டி, அதால சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

உங்கட மகன் டைம் இல்லை எண்டு சொல்லுறது பொய் இல்லை. நான் ஒரு நாள் மகளின்ர கொப்பி ஒண்டைக் குடுக்கப் போய் இன்டர்வல் நேரம் அங்க நிண்டு பாத்தனான். மணி அடிச்சதும் கை கழுவிற பைப்படியில ஒரு லைன், அதிலயே ஆறு ஏழு நிமிசம் போயிடும். மிச்ச நேரத்தில பொடியள் பேப்பரை உருட்டி டேப் சுத்திப் பந்தாக்கி கிரிக்கெட். ஒரு பொடியன் ஃபீல்டிங் நிண்டுகொண்டே பட்டிஸ் கடிக்கிறான், அங்கால ஒருத்தன் பெட்டியைத் திறந்து பாத்திட்டு, சோறும் கறியும் எண்டதும் மூடி வைச்சிட்டு ஓடிட்டான். அண்டைக்குத்தான் எனக்கு ஓடி வெளிச்சது, ஒரு கையில பிடிச்சுத் திண்ணக்கூடியது, பிசைய வேண்டாம், வழியாது, ரெண்டு கடியில முடியும், அப்பிடிச் சாமான்தான் அங்க செல்லும்.

அதுக்குப் பிறகு நான் பிட்டைக்கூட பிட்டாக் கட்டுறேல்ல. இறக்கின சூட்டோட கொஞ்சப் பிட்டை எடுத்து, இதரை வாழைப்பழம் அரைவாசி, சக்கரை ஒரு துண்டு நசுக்கிப் போட்டுப் பிசைஞ்சு தேசிக்காய் அளவில உருண்டை பிடிச்சிடுவன், பழம் உள்ளுக்குப் போனா கறுத்தது தெரியாது 😄 நாலு உருண்டை ஒரு பிள்ளைக்குத் தாராளம். குரக்கன் பிட்டெண்டா இன்னும் நல்லம், சக்கரையோட சேரேக்க சொக்லட் நிறம் வரும், மகள் கனநாளா அதைச் சொக்லட் உருண்டை எண்டே நினைச்சவள், நானும் திருத்தேல்ல. 100 கிராம் குரக்கன்ல 300 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் இருக்கு, பால் குடிக்க அழுற பிள்ளைக்கு அது பெரிய விசயம்.

விடிய மா குழைக்க நேரமில்லாத நாளுக்குச் சமபோஷா (கடையில வாற சத்துமா) இருக்கு, தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்டு உருட்டினா அஞ்சு நிமிசம். ஆனா அது கிழமையில ஒருக்கால்தான், ரெண்டாந்தரம் குடுத்தா எங்கட வீட்டில முகம் சுருங்கும்.

இன்னொண்டு, மூடியை அவன் தானே திறப்பானோ எண்டும் பாருங்கோ. புறக்கோட்டையில வாங்கின ஒரு பெட்டி எனக்கே திறக்கேலாமல் இருந்தது.

---

உம்மு_ரெண்டு (தெமட்டகொட):

சகோதரி, எங்கட ஊட்டுல முட்டை ரோல்தான் ஹிட்டு, ரொட்டிக்கு மேல முட்டைய ஊத்தி... ஆ, முட்டை ஏலாண்டு எழுதி ஈக்கிறீங்க, நான் பாதி வாசிச்சிட்டு எழுத வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க.

அப்ப லவாரியா செஞ்சு பாருங்க. நீங்க எப்படியும் இடியப்பம் புழியிறீங்கதானே, அதே மா, அதே உரல். உள்ளுக்கு வைக்கிற பாணிப்பூவ முந்தின நாள் ராவே செஞ்சிடுங்க, துருவின தேங்காய கித்துள் பாணியில போட்டு, ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஈரம் வத்தும் வரை சின்ன நெருப்புல கிண்டணும். பாணி வெல கூடண்டா சக்கரைய உருக்கி ஊத்துங்க, புள்ளயளுக்கு வித்தியாசம் வெளங்காது. விடிய வாழை இலைத் துண்டுல இடியப்பத்த மெல்லிசா, வட்டமா புழிஞ்சு, ஒரு பக்கத்துல ஒரு தேக்கரண்டி பாணிப்பூ வெச்சு, இலையோடயே மடிச்சு ஓரத்த விரலால அமத்துங்க. பத்து நிமிஷம் அவிச்சா போதும். இலைய முதல்ல நெருப்புல லேசா வாட்டினா மடிக்கக்குள்ள கிழியாது. ஆறினதும் உதிராது, ஒழுகாது, கையில ஒட்டாது. ஒரு கையால சாப்பிடலாம், அந்த அப்பா சொன்ன மாதிரி. கிரிக்கெட்டும் வெளையாடலாம் 😂

உறைப்பு விருப்பமான புள்ளண்டா உருளைக்கிழங்கும் கரட்டும் மசிச்சு கறித்தூள் போட்டு வெச்சாலும் நல்லம், அது லவாரியா இல்ல, அதுக்கு நாங்க பேர் ஒண்டும் வெக்கல்ல.

பயறு, கௌபி அவிச்சு தேங்காப்பூ போட்டு அனுப்பினா என்ட மூத்தவன் சாப்பிட மாட்டான். அதையே கடதாசிச் சுருள்ல போட்டு அனுப்பினேன், காலிமுகத்திடல்ல கடலை விக்கிற மாதிரி. முடிச்சிட்டு சுருளையும் பிரிச்சு வாசிச்சிட்டு வந்தான். நியூஸ் பேப்பர் வேணாம், அந்த மை நல்லதில்ல, வெள்ளத்தாள் எடுங்க.

---

ஈரக்கை (பம்பலப்பிட்டி):

என்ர மனுசன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதால எங்கட வீட்டில சாப்பாட்டுப் பெட்டி பெரிய விசாரணையாத்தான் நடக்கும், அந்த அறிவை உங்களுக்கும் கொஞ்சம் பகிர்ந்திடுறன்.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலதான் கிருமி வேகமாப் பெருகும், கொழும்பில ஒரு வகுப்பறைப் பெட்டி நாள் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கும். தேங்காய்ப்பால், பச்சைத் தேங்காய்ச் சம்பல், தயிர்ச் சோறு, முதல் நாள் சோறு இதெல்லாம் இவர் விட மாட்டார். சோத்தில இருக்கிற ஒரு வகைக் கிருமி சமைச்சாலும் முழுசாச் சாகாது, வெளியில கிடக்கேக்க நஞ்சை உண்டாக்கும், திருப்பிச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாதாம். சம்பல் வேணுமெண்டா தேங்காயை வெறும் சட்டியில சிவக்க வறுத்து, செத்தல் மிளகாய், புளி சேத்து இடிச்சுக் குடுங்கோ. தண்ணிப் போத்தலை முக்கால்வாசி நிரப்பி ராத்திரி ஃப்ரீசர்ல வைச்சு, விடியப் பெட்டியோட ஒட்டி பாக்ல வைச்சா அது ஐஸ் பக்கெட் மாதிரி வேலை செய்யும், பத்தரைக்குக் குடிக்கக் குளிர் தண்ணியும் ஆச்சு.

லஞ்ச் ஷீட் பாவிக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். 2017 செப்டம்பர்ல இருந்து அந்தப் பொலித்தீன் ஷீட் தடை, தெரியும்தானே? வாழை இலையை மேல சொன்ன மாதிரி வாட்டிச் சுத்துங்கோ, வெள்ளவத்தை மார்க்கெட்டில கிடைக்கும்.

பக்கெட் ஜூஸ் வைக்கிறவை அதில சீனி அளவைக் காட்டுற நிற வட்டத்தைப் பாருங்கோ. 2016ல அந்த நிறக்குறி கொண்டு வரேக்க 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு. நாங்கள் சிவப்பை வீட்டுக்குள்ளயே எடுக்கிறேல்ல, மகன் கடைக்குப் போனா முதல்ல வட்டத்தைத்தான் தேடுவான். பாட்டி வீட்டில மட்டும் சட்டம் வேலை செய்யாது.

---

பழைய_மாணவன்:

நாங்கள் எல்லாம் பொல் சம்பலும் பாணும் பேப்பர்ல சுத்திக்கொண்டு போய்த் திண்டு வளந்தனாங்கள், ஒண்டும் நடக்கேல்ல. இந்தக் காலத்தில ஓவராப் பயப்பிடுறியள்.

---

ஈரக்கை:

@பழைய_மாணவன் அண்ணா, உங்களுக்கு அப்ப வயித்தோட்டமே வரேல்லையோ? இல்லை அண்டைக்கு ஸ்கூலுக்குப் போகாமல் நிண்டது மறந்து போச்சோ?

---

பழைய_மாணவன்:

😂 சரி, அது ரெண்டு தரம் வந்ததுதான்.

---

ஆறுமணி_வான்:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன், எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுறன்.

இடியப்பக் கொத்து முதல் நாள் அரைவாசி முடிஞ்சிருந்தது. ஃபேனுக்குக் கீழ ஆறவைச்சது உண்மையிலயே வித்தியாசம், மூடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஆனா கடலையை மட்டும் பொறுக்கித் திண்டிட்டு போஞ்சியை மூலையில ஒதுக்கி வைச்சிருந்தான், சரி, அது வேற யுத்தம். குரக்கன் உருண்டை வெற்றி இல்லை. "மண் மாதிரி இருக்கு" எண்டான். எங்கட வீட்டில சொக்லட் எண்டு ஏமாத்தேலாது போல.

லவாரியாதான் ஆச்சரியம். முதல் நாள் மூண்டு வைச்சன், பெட்டி காலி. அடுத்த நாளும் காலி. மூண்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமா "பசிக்குது, பசிக்குது" எண்டு குசினியைச் சுத்துறான். என்னடா எல்லாம் முடிச்சனிதானே எண்டா பேசாமல் நிக்கிறான். பிறகுதான் வெளியில வருது, இவன் ஒண்டுதான் திண்டிருக்கிறான், பக்கத்தில இருக்கிற பொடியனுக்கு ஒண்டு, பின் வாங்கில இருக்கிறவனுக்கு ஒண்டு. அதுக்கு மாறாத் தனக்கு மூண்டு ஸ்டிக்கர். எனக்குச் சிரிப்பும் வருது, கோவமும் வருது, 4.45க்கு எழும்பிறது நான், ஸ்டிக்கர் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை கேற்றடியில ஒரு அம்மா என்னை மறிச்சு, உங்கட மகன்தானோ அந்த இனிப்பு இடியப்பம் கொண்டு வாறவர், எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கேட்டா. தன்ர மகன் வீட்டு இடியப்பத்தைத் தட்டிவிட்டுட்டு "உள்ளுக்கு ஒண்டும் இல்லை" எண்டு அழுறானாம். உம்மு_ரெண்டு, நீங்கள் எழுதினதை அப்பிடியே அவவுக்கு அனுப்பி விட்டனான், குறை நினைக்காதேங்கோ.

இப்ப ஆறு கட்டுறன், மூண்டு அவனுக்கு, மூண்டு வியாபாரத்துக்கு. மூடி விசயமும் பாத்தனான், லாஸ்ட்_பஸ்_அப்பா, ஒரு பக்கத்துக் கிளிப் அவனுக்குத் திறக்கேலாது, இவ்வளவு நாளும் பல்லால இழுத்துத் திறந்திருக்கிறான். நேற்று வேற பெட்டி வாங்கியாச்சு.

இன்னொரு கேள்வி. பாணிப்பூ ஒரு தரம் செய்து ஃப்ரிட்ஜ்ல வைச்சா எத்தினை நாள் நிக்கும்? தினமும் ராத்திரி தேங்காய் துருவக் கை நோகுது.

---

உம்மு_ரெண்டு:

குறையா, சந்தோசம்! ஈரம் நல்லா வத்தி ஈந்தா, காத்துப் போகாத போத்தல்ல போட்டு, நாங்க மூணு நாள் வைப்போம், அதுக்கு மேல வைக்கல்ல. ஈரக்கரண்டி மட்டும் போடாதீங்க. மூணு நாளைக்குச் செய்யிறண்டா ஒரு தேங்கா பத்தாது உங்களுக்கு, இப்ப வியாபாரமும் ஈக்கிதுதானே.